யாரும் எழுதச் சொல்லவில்லை!

குழந்தைகளே, எங்கள் பெரும்பாக்கம் வீட்டுக்கு எதிர்வீட்டில் ஏழாம் வகுப்பு படிக்கும் சிறுவன் ஒருவன் இருக்கிறான். கணக்கில் சந்தேகம் வந்தால் என்னைத் தேடி வருவான். ஒருநாள் அப்படி வந்தவன் என் மேசையில் கிடந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தான். இது எந்தப் பரீட்சைக்கு என்று கேட்டான். பரீட்சைக்கு இல்லையப்பா, சும்மா எழுதினேன் என்றேன். அவனுக்கு ஒரே ஆச்சரியம்! மார்க்கும் கிடையாது, பணமும் கிடையாது என்றால் எதற்காகத் தாத்தா கை வலிக்க எழுதுகிறீர்கள் என்று கேட்டான்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆசிரியர் வேலையில் இருந்த வரை தினமும் பாடக்குறிப்பு எழுதினேன். தலைமையாசிரியர் கையெழுத்துப் போட வேண்டுமே, அதற்காக எழுதினேன். அத்தனை நோட்டுகளில் ஒரு வரியைக்கூட நான் ஆசைப்பட்டு எழுதியதாக நினைவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான், யாரும் கேட்காமலே எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

அன்று இரவு ஆனந்தரங்கம் பிள்ளையின் நினைவு வந்தது. மறுநாள் அவருடைய கதையை அந்தப் பையனுக்குச் சொன்னேன். நீங்களும் கேளுங்கள்.

சென்னையின் வடபகுதியில் பெரம்பூர் இருக்கிறது அல்லவா? அங்கே 1709ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் தேதி பிறந்தவர் ஆனந்தரங்கம் பிள்ளை. அப்பா பெயர் திருவேங்கடம் பிள்ளை. வசதியான வணிகர். அவருடைய மைத்துனர் நைனியப்ப பிள்ளை, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரியில் பெரிய துபாஷியாக இருந்தார். அவர் அழைத்ததால் திருவேங்கடம் பிள்ளையும் புதுச்சேரிக்கு வணிகம் செய்யப் போனார்.

துபாஷி என்றால் யார் தெரியுமா? இரண்டு மொழி பேசுகிறவர் என்று பொருள். ஆனால் துபாஷியின் வேலை மொழிபெயர்ப்போடு முடிந்துவிடாது. கும்பினிக்குத் துணி வாங்கித் தருவார். நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்துச் சரக்கை வரவழைப்பார். நவாபுகளுக்கு ஓலை அனுப்புவார். ஊரில் சண்டை என்றால் தீர்த்து வைப்பார். கவர்னர் துரை என்ன நினைக்கிறார் என்று ஊருக்கும், ஊர் என்ன நினைக்கிறது என்று துரைக்கும் சொல்வார். செல்வமும் செல்வாக்கும் நிறைந்த பதவி. கூடவே ஆபத்தும் உண்டு.

அந்த ஆபத்தை ஆனந்தரங்கர் சிறுவயதிலேயே பார்த்துவிட்டார். 1716இல் அப்போதைய கவர்னர் நைனியப்ப பிள்ளை மீது குற்றம் சாட்டித் தண்டனை கொடுத்தார். சொத்தெல்லாம் பறிபோயிற்று. மறு ஆண்டே நைனியப்ப பிள்ளை சிறையில் இறந்துபோனார். திருவேங்கடம் பிள்ளை பயந்துபோய்ச் சென்னைக்குத் திரும்பிவிட்டார். நைனியப்பரின் மகன் குருவப்ப பிள்ளை சும்மா இருக்கவில்லை. கப்பல் ஏறிப் பாரிஸ் நகரத்துக்கே போய் நியாயம் கேட்டார்! தீர்ப்புத் தவறு என்று ஆயிற்று. குடும்பம் மறுபடியும் புதுச்சேரியில் தலைநிமிர்ந்தது. இதெல்லாம் நடந்தபோது ஆனந்தரங்கர் உங்கள் வயதுப் பையன்.

1726இல் அப்பா இறந்தார். அதன்பின் கவர்னர் லெனோர், ஆனந்தரங்கரைக் கும்பினி வேலையில் வைத்துக்கொண்டார். பரங்கிப்பேட்டைக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கொடுத்தார். அங்கே துணி வணிகம் நன்றாக நடந்தது. கூடவே சொந்த வணிகமும் வளர்ந்தது. பிற்காலத்தில் ஆனந்தப் புரவி என்று தம் பெயரையே வைத்துச் சொந்தக் கப்பலே விட்டார் என்றால் பாருங்களேன்!

இப்படிக் கழுத்துவரை வேலை இருந்த மனிதர், 1736ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் தேதி, அதாவது நள வருடம் ஆவணி மாதத்தில், ஒரு புது வேலையைத் தானாக இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 27. தாம் பார்த்ததையும் கேட்டதையும், துறைமுகத்துக்கு வந்துபோகிற கப்பல்களையும், ஊரில் நடக்கும் புதுமைகளையும் எழுதி வைக்கத் தொடங்கினார்.

கும்பினி அவரிடம் இதைக் கேட்கவில்லை. கும்பினிக்குத் தனியாக எழுத்தர்கள் உண்டு, கணக்குகள் உண்டு. கவர்னர் கேட்கவில்லை. புத்தகமாகப் போட்டு விற்கலாம் என்ற எண்ணத்துக்கும் இடமில்லை. அந்தக் காலத்தில் தமிழில் அச்சுப் புத்தகமே அபூர்வம். ஒருவர் தம் அன்றாட வாழ்க்கையைத் தமிழ் உரைநடையில் எழுதி வைப்பது என்பது வழக்கத்திலேயே இல்லை. புலமை என்றால் செய்யுள்தான். இவரோ வீட்டிலும் கடைத்தெருவிலும் பேசுகிற தமிழிலேயே எழுதினார். கும்பினி, துரை, சரக்கு, நாழிகை, பராதி என்று அந்தக் காலத்துப் பேச்சு அப்படியே வருகிறது. பிரெஞ்சு, போர்ச்சுகீசியம், உருது, தெலுங்கு என்று எல்லா மொழிச் சொற்களும் கலந்து கிடக்கின்றன. நான் திருத்துகிற ஆளாக இருந்தால் பக்கத்துக்கு இருபது சிவப்புக்கோடு போட்டிருப்பேன். நல்லவேளை, நான் அப்போது இல்லை!

என்னவெல்லாம் எழுதினார்? கப்பல் வந்தால் எந்தக் கப்பல், எங்கிருந்து வந்தது, கோட்டையில் எத்தனை பீரங்கி வெடித்து மரியாதை செய்தார்கள் என்பது வரை எண்ணி எழுதினார். துரைக்கு யார் என்ன பரிசு கொண்டுவந்தார்கள், துரை அன்று சிரித்த முகமாக இருந்தாரா, கடுகடுவென்று இருந்தாரா என்று எழுதினார். கடைத்தெரு வதந்திகள், திருமணங்கள், சாவுகள், சாதிச் சண்டைகள், திருட்டு, சோதிடர் சொன்ன பலன், நல்ல நேரம், கெட்ட நேரம் என்று எதையும் விடவில்லை. 1745ஆம் ஆண்டின் இறுதியில் புதுச்சேரியில் பெரும்புயல் அடித்தது. மரங்கள் வேரோடு சாய்ந்ததையும் வீடுகள் விழுந்ததையும் அவர் எழுதியிருப்பதைப் படித்தால், புயல் காற்றை நாமே கேட்பதுபோல இருக்கும். சென்னைக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்?

நம் பக்கத்துச் செய்தியும் அதில் இருக்கிறது. 1746ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாபோர்டனே கப்பற்படையோடு வந்து சென்னைக் கோட்டையைப் பிடித்துக்கொண்டார். அப்போது கோட்டையில் எழுத்தராக வேலை பார்த்த 21 வயது இளைஞர் ஒருவர் மாறுவேடத்தில் தப்பி ஓடினார். அவர்தான் பின்னாளில் இந்தியாவில் ஆங்கில ஆட்சிக்கு வழிபோட்ட ராபர்ட் கிளைவ். சென்னையைத் தனக்குத் தரவில்லையே என்று ஆர்க்காட்டு நவாபுக்குக் கோபம் வந்தது. தம் மகன் மாபூஸ் கானைப் பெரிய படையோடு அனுப்பினார். சில நூறு பேர் மட்டுமே கொண்ட பிரெஞ்சுப் படை, அந்தப் படையை அடையாற்றங்கரையில் விரட்டி அடித்தது. இந்தச் செய்திகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புதுச்சேரிக்கு வந்துகொண்டிருந்தன. வரவர ஆனந்தரங்கர் எழுதிக்கொண்டே இருந்தார். அடையாற்றைப் பேருந்தில் தாண்டிப் போகும்போது இதை நினைத்துக்கொள்வேன்.

அதே 1746இல் பெரிய துபாஷியாக இருந்த கனகராய முதலியார் காலமானார். அடுத்து யார் என்று பெரிய போட்டி. கவர்னர் டியூப்ளேயின் மனைவி ழான் அம்மையார் நன்றாகத் தமிழ் பேசுவார். அரசாங்க விஷயங்களில் தலையிடுவார். அவருக்கும் ஆனந்தரங்கருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் 1747இல் ஆனந்தரங்கரே பெரிய துபாஷி ஆனார். 1749இல் முசாபர் ஜங் அவருக்கு மூவாயிரம் குதிரைக்குத் தலைவர் என்ற சிறப்பைக் கொடுத்தார். செங்கல்பட்டுக் கோட்டையும் சீமையும்கூட அவர் பொறுப்பில் வந்தன. பெரும்பாக்கம், மேடவாக்கம், தாம்பரம் எல்லாம் பழைய செங்கல்பட்டு மாவட்டம்தானே! நம் ஊர்ப்பக்கத்துக்கு அவர் அந்நியர் இல்லை.

பகலெல்லாம் கவர்னர் மாளிகையில் கைகட்டி நிற்பார். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கவர்னரையும் அவர் மனைவியையும் பற்றித் தம் மனதில் பட்டதை எழுதுவார். அம்மையார் மீது அவருக்கு இருந்த எரிச்சல் பக்கம் பக்கமாக இருக்கிறது. அந்த ஏடுகள் துரையின் கையில் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நைனியப்ப பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று ஆனந்தரங்கருக்குத் தெரியாதா? தெரிந்தும் எழுதினார். அதுதான் என்னை மிகவும் யோசிக்க வைக்கிறது.

தம்மைப் பற்றியும் அவர் அதிகம் மறைக்கவில்லை. டியூப்ளேயைத் தாம் எப்படியெல்லாம் வானளாவப் புகழ்ந்து பேசினோம், அதைக் கேட்டு அவர் எப்படி மகிழ்ந்தார் என்பதை வரி விடாமல் எழுதியிருக்கிறார். இன்னொருவர் செய்தால் அதற்கு முகஸ்துதி என்று பெயர் வைப்போம். தாம் சொன்ன யோசனைதான் பலித்தது என்று பெருமை அடித்துக்கொள்வதும் உண்டு. படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் பொய்யான மனிதரோடு இருப்பதுபோல் ஒருபோதும் தோன்றாது.

1748இல் ஆங்கிலத் தளபதி போஸ்காவன் புதுச்சேரியை முற்றுகையிட்டார். குண்டுகள் ஊருக்குள் வந்து விழுந்தன. ஆனந்தரங்கர் ஊரைவிட்டுப் போகவில்லை. இன்று இங்கே குண்டு விழுந்தது, இவ்வளவு சேதம் என்று எழுதிக்கொண்டிருந்தார். அந்த முற்றுகை நாட்களில்தான் ஊரின் பழைய வேதபுரீசுவரர் கோயிலை இடிக்கச் சொல்லி உத்தரவாயிற்று. ஊர்ப்பெரியவர்கள் மனம் பதறினார்கள். பெரிய துபாஷியாக இருந்தும் ஆனந்தரங்கரால் அதைத் தடுக்க முடியவில்லை. வேலையை உதறிவிட்டு வெளியேறவும் இல்லை. அவர் அன்று வீரராக நடந்துகொண்டார் என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். அன்று நடந்தவற்றை, யார் எங்கே நின்றார்கள், என்ன செய்தார்கள் என்று விரிவாக எழுதி வைத்தார். பகலில் வாயைத் திறக்க முடியாதவருக்கு இரவில் ஓர் ஏடு இருந்தது.

அவர் எழுதியது ஒரு மாதமோ ஒரு வருடமோ இல்லை. இடையிடையே விட்டுப்போன நாட்கள் உண்டு. ஆனாலும் கால் நூற்றாண்டு! இங்கிலாந்தில் சாமுவேல் பெப்பிஸ் என்பவர் எழுதிய நாட்குறிப்பு உலகப் புகழ் பெற்றது. அவர் 1660இல் தொடங்கிச் சுமார் ஒன்பதரை ஆண்டுகள் எழுதினார். கண் கெட்டுவிடும் என்று பயந்து நிறுத்திவிட்டார். நம்மவரோ 25 ஆண்டுகள் எழுதினார்!

என் கதையைக் கேளுங்கள். ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஓர் இலவச டைரி கொடுப்பார்கள். ஜனவரி முதல் தேதி அழகான கையெழுத்தில் ஆரம்பிப்பேன். பொங்கல் வரைக்கும் ஓடும். அதற்குப் பிறகு பால் கணக்குத்தான். ஆகவே இந்த 25 ஆண்டுகள் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஒருவன் கட்டாயத்துக்காக இவ்வளவு காலம் எழுத முடியாது. பணத்துக்காகவும் முடியாது என்றுதான் நினைக்கிறேன். நல்ல செய்தி ஒன்று கேள்விப்பட்டால் அதை யாரிடமாவது சொல்லாமல் உங்களால் இருக்க முடியுமா? சாப்பாடு இறங்குமா? பள்ளிவிட்டு வந்ததும் புத்தகப் பையைக்கூட இறக்காமல் அம்மாவிடம் சொல்கிறீர்களே, அந்த ஆசைதான். ஆனந்தரங்கருக்குத் தெரிந்தவை பலவும் யாரிடமும் சொல்லக்கூடாத செய்திகள். ஏட்டிடம்தான் சொல்ல முடிந்தது.

புலவர்கள் அவரைப் புகழ்ந்து நூல்கள் பாடினார்கள். தமிழில் ஆனந்தரங்கன் கோவை, வடமொழியில் ஆனந்தரங்க விஜய சம்பு என்று இன்றும் பெயர் சொல்லலாம். ஆராய்ச்சி செய்பவர்களைத் தவிர அவற்றைத் தேடுபவர்கள் குறைவு. அவர் தமக்காக எழுதிக்கொண்டதைத்தான் உலகம் தேடிப் படிக்கிறது.

1754இல் டியூப்ளேயைப் பிரான்ஸ் திருப்பி அழைத்துக்கொண்டது. ஆனந்தரங்கரின் நல்ல காலமும் தேய ஆரம்பித்தது. உடல்நலம் கெட்டது. 1756இல் துபாஷி பதவி போயிற்று. பிறகு லாலி என்ற தளபதி வந்தார். ஆங்கிலேயரோடு மறுபடியும் போர். 1760இல் ஆங்கிலப் படை புதுச்சேரியைச் சுற்றி வளைத்தது. ஊருக்குள் அரிசி இல்லை. மக்கள் பட்டினி கிடந்தார்கள். 1761 ஜனவரியில் நகரம் சரணடைந்தது. அதைப் பார்க்க ஆனந்தரங்கர் இல்லை. அதற்குச் சில நாட்கள் முன்புதான் தம் 51ஆம் வயதில் கண்ணை மூடியிருந்தார். வென்ற ஆங்கிலேயர்கள் கோட்டையையும் வெள்ளையர் நகரையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

அவ்வளவு அழிவிலும் ஏடுகள் பிழைத்துக்கொண்டன! அவருடைய தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளை தொடர்ந்து நாட்குறிப்பு எழுதினார். பெரியப்பாவின் பழக்கம் தொற்றிக்கொண்டது போலும். பிறகு ஏடுகள் வீட்டுக்குள்ளேயே தூங்கின. 85 ஆண்டுகள் போயின. 1846இல் கலுவா மோம்பிரோன் என்ற புதுச்சேரிக்காரர், பிள்ளையின் வழிவந்தவர்கள் வீட்டில் அவற்றைக் கண்டெடுத்தார். படித்தவர் திகைத்துப்போனார். பிரதிகள் எடுக்கப்பட்டன. ஒரு பிரதி பாரிஸ் தேசிய நூலகம்வரை போய்ச் சேர்ந்தது. சென்னை அரசாங்கம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1904இல் தொடங்கி 1928 வரை 12 தொகுதிகளாக வெளியிட்டது. தமிழில் எழுதியது தமிழிலேயே அச்சில் வரத் தொடங்கியது அதற்கும் பிறகு, 1948இல்தான். இது மட்டும் எனக்கு மனக்குறை. எழுத்தாளர் பிரபஞ்சன் இந்த நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்டு நாவல்கள் எழுதினார். அவற்றில் ஒன்றான வானம் வசப்படும் நூலுக்கு 1995இல் சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது.

புதுச்சேரிக்குப் போனால் கடற்கரையோடு திரும்பி வந்துவிடாதீர்கள். பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ரங்கப்பிள்ளை தெரு இருக்கிறது. அங்கே அவருடைய மாளிகையைப் பார்க்கலாம். கீழ்த்தளத்தில் நம் வழக்கப்படி மரத்தூண்கள். மாடியில் பிரெஞ்சுக்காரர் பாணியில் பெரிய வெள்ளைத் தூண்கள். இரண்டு மொழிக்காரர் வீடு வேறு எப்படி இருக்கும்!

எங்கள் பெரும்பாக்கத்தில் இப்போது செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் பெரிய கட்டடம் இருக்கிறது. அந்த வழியாக நடந்து போகும்போதுதான் எதிர்வீட்டுப் பையனுக்கு இந்தக் கதையைச் சொல்லி முடித்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், பொங்கலோடு நான் நிறுத்திவிட்ட டைரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். பால் கணக்குப் பக்கங்களைக் கிழித்துவிட்டுக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து வந்தான். கணக்குச் சந்தேகம் இல்லையாம். பக்கத்து வீட்டில் நடந்த சண்டையைக்கூட அதில் எழுதலாமா என்று மெல்லிய குரலில் கேட்டான். பிள்ளைவாள் எழுதியிருக்கிறாரே என்றேன். அப்படியானால் டைரியை எங்கே ஒளித்து வைப்பது என்பது அவனுடைய அடுத்த கேள்வி.